ஸரீனாக்கா சொல்லாத வாக்குமூலம்

எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது ஆஸ்பத்திரியில் காரியம் ஆகவேண்டும் என்றாலோ, கரண்ட் கந்தோரில் போய்ச் சண்டை பிடிக்கவேண்டும் என்றாலோ, முதலில் தட்டுவது ஸரீனாக்கா வீட்டுக் கதவைத்தான். உக்குவளையில் ரயில் பாதையைத் தாண்டி மேலே ஏறும் ஒழுங்கை அது. பதினேழு வீடுகள். சிங்களவர்கள் இருக்கிறார்கள், முஸ்லிம்கள் இருக்கிறார்கள், இரத்தோட்டைப் பக்கத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்து துண்டுக் காணி வாங்கிக் குடியேறிய எங்களைப் போன்றவர்களும் இருக்கிறோம். நான் பிரவீனா, சாரிச் சட்டை தைக்கிறவள். ஸரீனாக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு தகர வேலிதான்.

ஸரீனாக்கா பேசும் சிங்களத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண் ஒருத்தி பேசுகிறாள் என்றுதான் சொல்வீர்கள். அவருடைய வாப்பா மாத்தளை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். எட்டு வயதிலிருந்தே கடை மேசைக்குப் பின்னால் நின்று பழகிய பாஷை அது. மரியாதையாகப் பேசவும் வரும், ஏசவும் வரும், கெஞ்சுகிற மாதிரிக் கெஞ்சி ஆளை மடக்கவும் வரும். ஆனால் படித்தது தமிழ் மொழியில், ஒன்பதாம் வகுப்பு வரை. சிங்களத்தில் ஒரு எழுத்துக் கூட வாசிக்கத் தெரியாது. பஸ்ஸை இலக்கத்தைப் பார்த்துத்தான் ஏறுவார். எங்கேயாவது படிவம் நீட்டினால், "கண்ணாடியக் கொண்டு வரல்ல, நீங்களே நிரப்புங்க" என்று சிங்களத்தில் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடுவார். அவரிடம் கண்ணாடியே கிடையாது. இது எனக்கும், அவர் புருஷன் மஹ்ரூப் நானாவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். வேறு யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. வெட்கம்தான், வேறென்ன. அவ்வளவு அழகாகப் பேசுகிறவர் வாசிக்கத் தெரியாது என்று எந்த வாயால் சொல்வது?

அந்த வெட்கம் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லும்போதே எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸரீனாக்காவின் தொழில் வெள்ளை மிளகு. மஹ்ரூப் நானா தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவர், வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்கமாட்டார். வீட்டை நடத்துவது அக்காவின் மிளகுதான். மிளகு கறுப்பாகத்தான் விளைகிறது என்றும் வெள்ளை மிளகு வேறொரு சாதி என்றும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே கொடிதான். பழுக்கத் தொடங்கிய மிளகைச் சாக்கில் கட்டி, தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் அமுக்கி எட்டு ஒன்பது நாள் ஊறவிட வேண்டும். தோல் அழுகிக் கழன்றுவிடும். பிறகு காலால் மிதித்து, கையால் தேய்த்து, நாலைந்து தண்ணீரில் அலசி, வெயிலில் போட்டால் உள்ளே இருக்கும் வெள்ளை மணி கிடைக்கும். ஆறாம் ஏழாம் நாளில் பீப்பாயைத் திறந்தால் வரும் நாற்றத்தைப் பற்றி நான் பொய் சொல்லமாட்டேன். செத்த எலி அலுமாரிக்குப் பின்னால் கிடந்தால் எப்படியோ, அப்படி. பன்னிரண்டு வருஷமாக நான் அந்த நாற்றத்துக்குப் பக்கத்தில் இருந்து சட்டை தைத்திருக்கிறேன். ஜூன் ஜூலையில் கொஞ்ச நாள்தான். பழகிவிட்டது.

அந்தத் தண்ணீரை ஸரீனாக்கா என்ன செய்வார் என்பதும் எனக்குத் தெரியும். வாளி வாளியாகச் சுமந்து கொண்டுபோய்த் தன் காணிக் கோடியில் நிற்கும் வாழை மரங்களுக்கு ஊற்றுவார். எங்கள் ஒழுங்கையின் ஓரமாக ஒரு வாய்க்கால் ஓடுகிறது. கீழே இருக்கும் வீட்டுக்காரர்கள் அதில்தான் குளிக்கிறார்கள், துணி அலசுகிறார்கள். அதற்கும் கீழே பள்ளிவாசலுக்குப் போகிறவர்களில் சிலர் கால் கழுவுவதும் அதில்தான். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு விழக்கூடாது என்பதற்காக இடுப்பு வலியோடு வாழைக்குச் சுமப்பார். பக்கத்திலேயே வாய்க்கால் ஓடும்போது ஏன் இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன். "ஒளுச் செய்ற தண்ணில நஜீஸ ஊத்தச் செல்றியா?" என்று என்னை ஏசினார். ஒளு என்பது தொழுகைக்கு முன் கை கால் கழுவிக்கொள்வது, நஜீஸ் என்றால் அசுத்தம். அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

இனி நிமலசிறி. எங்களுக்கு எதிர்ப்பக்க மேட்டில், இரண்டு மாடி வீட்டுக்காரர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் இல்லை, முன்கோபி. போன ஜூன் மாதம் அவருடைய மகளைப் பெண் பார்க்க குருநாகலிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அன்று அக்காவின் பீப்பாய்களுக்கு ஏழாம் நாள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த வீட்டில் விசேஷம் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளையின் அம்மா வாசலில் இறங்கியதும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாராம், போகும்வரை எடுக்கவில்லையாம். பலகாரத்தைக் கூட யாரும் தொடவில்லையாம். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. மிளகால்தான் நின்றதா, வேறெதாலோ என்பதை யார் கண்டது. நிமலசிறி அடுத்த நாளே பொலிசுக்குப் போய் முறைப்பாடு எழுதிவைத்தார்.

அந்த மனிதருக்கு வந்த கோபம் எனக்குப் புரிகிறது. நேரே வந்து நாலு வார்த்தை ஏசியிருந்தால் ஸரீனாக்காவும் நாலு வார்த்தை ஏசிவிட்டு, மறுநாள் மூடி போட்ட பீப்பாய் வாங்கியிருப்பார். அதை அவர் செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை பொலிசுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. துணைக்கு நான் போனேன். கான்ஸ்டபிள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். கதிரை போட்டு உட்காரச் சொன்னார். "தமிழ் எழுதத் தெரிந்தவர் மத்தியானம்தான் வருவார். காத்திருக்கிறீர்களா, சிங்களத்தில் எழுதலாமா?" என்று கேட்டார். நான் காத்திருப்போம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஸரீனாக்கா, "என்னத்துக்கு மாத்தயா? நான் சிங்களம் பேசுவேனே" என்று அவருடைய அந்த அழகான சிங்களத்தில் சொல்லிவிட்டார். கான்ஸ்டபிளுக்கே ஆச்சரியம். எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

சொன்னதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். பன்னிரண்டு வருஷமாக மிளகு ஊறவைக்கிறேன் என்றார். நாற்றம் வரும், இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார். கழிவுத் தண்ணீர் வாழைக்குத்தான் போகிறது, வாய்க்காலில் ஒருநாளும் விட்டதில்லை என்றார். கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டிருந்தார். நடுவில் அவருக்கு போன் வந்தது. தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டு, யாருடைய மோட்டார் சைக்கிளையோ விற்பது பற்றிப் பேசிக்கொண்டே எழுதினார். முடிந்ததும் புத்தகத்தைத் திருப்பி வைத்து, "வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்" என்றார்.

அப்போதாவது ஸரீனாக்கா வாசிக்கத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குனிந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கண்ணை ஓட்டினார். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி லேசாகத் தலையாட்டக் கூடச் செய்தார். பிறகு கையெழுத்தைப் போட்டார், தமிழில். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாயும் திறக்கவில்லை. எனக்கும் அந்த எழுத்து தெரியாது, அதைச் சொல்ல எனக்கும் கூச்சம். எழுதியதை வாசித்துக் காட்டவேண்டியது எழுதியவருடைய கடமை என்று பின்னால் ஒரு சட்டத்தரணி சொன்னார். அன்று அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர் வாசித்துக் காட்டவும் இல்லை.

ஜூலையில் கோட்டுக்குப் போனோம். பொதுத் தொல்லை என்று வழக்கு. ஸரீனாக்கா தன் பெயரைக் கூப்பிட்டதும் கூண்டில் ஏறி, மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று அங்கேயும் சொன்னார். பொலிஸ் தரப்பில் ஒருவர் எழுந்து, சந்தேக நபர் தானே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி அந்த வாக்குமூலத்தை வாசித்தார். நான் பின் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். "பன்னிரண்டு வருடங்களாக மிளகு ஊறவைத்த கழிவுநீரை அருகிலுள்ள வாய்க்காலில் விட்டு வருகிறேன்" என்று அவர் வாசித்தபோது, அக்கா தலையைத் தூக்கிய வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன, காதால் கேட்டால் ஒவ்வொரு சொல்லும் விளங்கும். அதுதான் கொடுமை. தன்னுடைய வாயால் தான் சொல்லாத ஒன்றை, தன்னுடைய கையெழுத்தோடு, ஊரே கேட்கும்படி வாசித்தார்கள்.

"நான் அப்படிச் சொல்லவில்லை" என்று சத்தமாகச் சொன்னார்.

"கையெழுத்து உங்களுடையதுதானே?"

"கையெழுத்து என்னுடையது. சொன்னது என்னுடையது இல்லை."

கோட்டில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு அந்த நாலு பேரையும் பிடித்து வெளியே தள்ளவேண்டும் போலிருந்தது.

வழக்கு கொஞ்சநேரம் ஒத்திவைக்கப்பட்டது. நடைபாதையில் சட்டத்தரணி ஒருவர், சின்ன விஷயம், குற்றத்தை ஒப்புக்கொண்டால் சின்னத் தண்டத்தோடு அரை மணியில் வீட்டுக்குப் போகலாம் என்றார். பீப்பாய்களை எடுத்துவிடும்படி ஒரு கட்டளையும் வரும், அவ்வளவுதான் என்றார். அவருக்கு அது "அவ்வளவுதான்". அந்தப் பீப்பாய்களை வைத்துத்தான் அக்காவின் மகள் அம்றா தாதிப் பயிற்சிக்குப் போயிருக்கிறாள்.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்கிறேன். நானும் அதையேதான் சொன்னேன். "ஒத்துக்கிட்டுத் தண்டத்தைக் கட்டிட்டு வாங்கக்கா. இவங்களோட மல்லுக்கு நிக்க ஏலுமா? மிளகைக் கறுப்பாவே காயவச்சு வித்துக்கலாம்."

ஸரீனாக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "நீ பக்கத்துல தானே இருந்த. நான் என்ன சென்னேன்னு கேட்டுக்கிட்டுத் தானே இருந்த. நீயே ஒத்துக்கொள்ளச் செல்றியா? பள்ளிக்குப் போற ஆக்கள் கால் கழுவுற தண்ணில நான் ஊத்தினேன்னு செல்லிட்டு, நாளைக்கு அந்த ஒழுங்கையால நடக்க ஏலுமா எனக்கு?"

அவர் மறுபடி கூண்டில் ஏறி, ஒப்புக்கொள்ளமாட்டேன் என்றார். நீதவான் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். இது அயலவர் இரண்டு பேர் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம், இணக்க சபைக்கு அனுப்பினால் சம்மதமா என்று கேட்டார். அங்கே தீர்த்துக்கொண்டு சான்றிதழ் கொண்டுவந்தால் வழக்கு முடிந்துவிடும், குற்றவாளி என்று எழுதப்படாது. தீராவிட்டால் திரும்பி இதே இடம். நிமலசிறி தலையாட்டினார். அக்காவும் சம்மதித்தார்.

சபை கூடுவதற்கு நாலு கிழமை, ஏறக்குறைய ஒரு மாதம், இருந்தது. அந்த நாலு கிழமை ஒழுங்கை எப்படி இருந்தது என்று கேளுங்கள். கோட்டில் வாசித்தது எங்களுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது. வாய்க்காலில் துணி அலசும் பெண்கள் ஸரீனாக்கா வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் அப்துல் ஸமத் ஹாஜியார் வீட்டுக்கே வந்து, "நீங்களே பொலிசில் செல்லிக் கையெழுத்துப் போட்டீக்கியே, பிறகு நாங்க என்னத்தச் செல்ற" என்று வருத்தத்தோடு கேட்டார். யாருக்கெல்லாம் அக்கா ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று வழக்காடினாரோ, அவர்கள் எல்லாருக்கும் அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. பன்னிரண்டு வருஷமாக வாளி சுமந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள்! பேப்பரில் இருக்கிறதாம், அதனால் அதுதான் உண்மையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலியோரம் நின்று இரண்டு பேரோடு நன்றாகச் சண்டை பிடித்தேன், இரண்டு பேர் என்னிடம் சட்டை தைக்கக் கொடுப்பதை நிறுத்தினார்கள். போகட்டும்.

பீப்பாய்கள் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன. மிளகு கொடியிலேயே பழுத்து உதிர்ந்தது.

இணக்க சபை ஒரு பாடசாலையில், சனிக்கிழமை காலையில் கூடியது. மூன்றாம் வகுப்பு அறை. சின்னப் பிள்ளைகள் உட்காரும் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு ஆட்டு வழக்கு முடிந்து இரண்டு பேர் சிரித்துக்கொண்டு போனார்கள். இணக்கர்களை நாமே தெரிந்தெடுக்கலாம். நிமலசிறி ஓய்வுபெற்ற ஒரு தபால் அதிபரைத் தெரிந்தெடுத்தார். ஸரீனாக்கா மர்சூக் என்பவரைத் தெரிந்தெடுத்தார், நம் ஆள், தமிழ் பேசுகிறவர் என்று. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஓய்வுபெற்ற மருத்துவச்சி ஒருவரைத் தலைவியாக வைத்தார்கள். சட்டத்தரணிகளுக்கு அங்கே இடமில்லை. எனக்கும் இடமில்லைதான், தலைவி பார்த்தும் பார்க்காதது போல் விட்டார்.

பேச்சு அரை மணியில் முடிந்தது என்றால் நம்புவீர்களா? தலைவி நல்ல கெட்டிக்காரி. முதலில் நிமலசிறியைப் பேசவிட்டார். அவர் மகளின் கதையை முழுவதும் சொன்னார். ஸரீனாக்கா, "எனக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்குப் பீப்பாயைத் திறந்தே இருக்கமாட்டேன், உங்கள் பிள்ளை என் கையில் தூக்கி வளர்த்த பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு எல்லாம் லேசாகப் போனது. பீப்பாய்களைக் காணியின் கீழ்ப்பக்கத்துக்கு மாற்றுவது, இறுக்கமான மூடி போடுவது, ஊறவைக்கும் நாளை முன்கூட்டியே சொல்வது, எதிர் வீட்டில் விசேஷம் என்றால் அவர் ஒரு கிழமைக்கு முன்னால் சொல்வது. இரண்டு பேரும் சம்மதித்தார்கள். தபால் அதிபர் தேநீருக்குச் சொல்லியனுப்பினார்.

மர்சூக் படிவத்தை எடுத்துச் சிங்களத்தில் எழுதினார். எழுதி முடித்து ஸரீனாக்காவின் பக்கம் தள்ளினார். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

ஸரீனாக்கா பேனையை எடுக்கவில்லை. தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, நாலு பேருக்கு முன்னால் அதைச் சொன்னார். "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியா. இதுல என்ன ஈக்கின்னு செல்லுங்க."

மர்சூக்குக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். ஐந்தாவது வரி, "வாய்க்காலில் கழிவுநீர் விடுவதை இன்றிலிருந்து நிறுத்திக்கொள்கிறேன்."

"நிறுத்துறதுக்கு நான் எப்ப தொடங்கினேன்?"

"அது பொலிஸ் வாக்குமூலத்துல ஈக்கி தானே தங்கச்சி. அதப் பார்த்துத்தான் எழுதினேன். சும்மா ஒரு வரி."

"சும்மா ஒரு வரியா?" ஸரீனாக்கா எழுந்துவிட்டார். அந்தக் குட்டிக் கதிரை பின்னால் விழுந்தது. "அந்தச் சும்மா வரியாலதான் நான் இங்க வந்து நிக்கிறேன். ஒழுங்கையில ஒரு ஆள் என்னோட பேசுறல்ல. எனக்குத் தெரியாத எழுத்துல இனி ஒரு கையெழுத்தும் நான் போடமாட்டேன். தமிழ்ல எழுதுங்க."

தலைவி சிங்களத்தில் என்ன என்று கேட்டார். அக்கா அதையே சிங்களத்திலும் சொன்னார், கொஞ்சம் கூடக் குறைக்காமல். தலைவி, நியாயம்தான், தமிழிலும் எழுதலாம், சட்டத்தில் இடமிருக்கிறது என்றார். ஆனால் யார் எழுதுவது? தலைவிக்கும் தபால் அதிபருக்கும் தமிழ் தெரியாது. மர்சூக் தலையைச் சொறிந்தார். அவர் படித்ததெல்லாம் சிங்கள மொழியில். வீட்டில் தமிழ் பேசுவாரே தவிர, எழுத வராது, வாசிப்பதும் எழுத்துக்கூட்டித்தானாம். நம் ஆள் என்று நாங்கள் தெரிந்தெடுத்த ஆள்!

அலுமாரியின் அடியில் தமிழ்ப் படிவக் கட்டு ஒன்று இருந்தது. கட்டியிருந்த நூல் கூட அவிழ்க்கப்படவில்லை. அதிலிருந்து ஒன்றை உருவி ஸரீனாக்காவிடமே கொடுத்தார்கள். அவர் குனிந்து உட்கார்ந்து, ஒன்பதாம் வகுப்பில் விட்ட கையெழுத்தில், பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். தேநீர் ஆறிப்போனது. எழுதி முடித்துக் கையெழுத்தைப் போட்டு, தாளையும் பேனையையும் நிமலசிறிக்கு நீட்டினார்.

நிமலசிறி பேனையைப் பிடித்தபடி தாளைப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். மர்சூக்கைப் பார்த்தார். "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "தெரியாத ஒன்றில் நான் எப்படிக் கையெழுத்து வைப்பது?"

எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. போடும் ஐயா, சும்மா ஒரு வரிதானே என்று கத்தவேண்டும் போலிருந்தது.

ஸரீனாக்கா கத்தவில்லை. விழுந்த கதிரையை எடுத்து நிமலசிறிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து, சிங்களத்தில் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். அவர் நினைத்திருந்தால் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், அந்த அறையில் உடனுக்குடன் பிடிப்பதற்கு ஆள் என்னைத் தவிர யாருமில்லை. எழுதியதை எழுதியபடியே சொன்னார். நாற்றத்தால் நிமலசிறி வீட்டுக்கு வந்த அவமானத்துக்கு வருந்துகிறேன் என்று எழுதியிருந்ததையும் விடவில்லை. ஐந்தாவது வரிக்கு வந்ததும் குரலை உயர்த்தினார். "வாய்க்காலில் நான் ஒருநாளும் கழிவுநீர் விட்டதில்லை. நிமலசிறி மாத்தயா அப்படிக் கண்டதும் இல்லை."

நிமலசிறி நிமிர்ந்தார். "வாய்க்காலா? நான் வாய்க்காலைப் பற்றிப் பொலிசில் ஒன்றும் சொல்லவில்லையே. நாற்றம் என்று மட்டும்தான் சொன்னேன். நீங்கள்தான் சொன்னீர்கள் என்று கோட்டில் கேட்டேன். அதற்குப் பிறகுதான் எனக்கு உங்கள் மேல் உண்மையான கோபமே வந்தது. ஊரார் குளிக்கும் தண்ணீரில் இத்தனை வருஷம் ஊற்றினாளே என்று."

முறைப்பாட்டுக்காரன் சொல்லவில்லை. குற்றம் சாட்டப்பட்டவள் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிள் விலை பேசிக்கொண்டே எழுதிய ஒரு கை, எங்கேயோ பழைய கேசில் பார்த்த வசனத்தை இதிலும் போட்டுவிட்டது. அந்த வசனத்தை வைத்துக்கொண்டு ஒரு நீதிமன்றம், ஒரு சபை, பதினேழு வீடுகள் எல்லாம் ஒரு பெண்ணின் மானத்தை அலசிக் காயப்போட்டன.

"நீங்கள் இப்போது சொன்னதையும் எழுதவேண்டும்" என்றார் ஸரீனாக்கா. எழுதினார். வாசித்துக் காட்டினார். நிமலசிறி கையெழுத்து வைத்தார், சிங்களத்தில். தலைவி சான்றிதழைக் கொடுத்து, "இதோடு வழக்கு முடிந்தது, சந்தோஷமாகப் போங்கள்" என்றார்.

"பொலிஸ் புத்தகத்தில் இருக்கும் வரியை யார் வெட்டுவது?" என்று அக்கா கேட்டார்.

தலைவி மற்ற இரண்டு பேரையும் பார்த்தார். அது தங்களுடைய வேலையில்லை என்றார். வழக்கே முடிந்த பிறகு அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்றார் தபால் அதிபர். போகட்டும் விடுங்க என்று சொல்ல நானும் வாயைத் திறந்தேன், அக்கா என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை கோட்டில் வழக்கு தள்ளுபடியானது. எல்லாரும் வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்குப் போனார்கள். ஸரீனாக்கா பொலிசுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார், நானும் பின்னால் ஏறினேன்.

அதே கான்ஸ்டபிள்தான் இருந்தார். அடையாளம் கண்டு சிரித்து, சிங்களத்தில் நலம் விசாரித்தார். ஸரீனாக்கா தமிழில் பதில் சொன்னார். "நான் ஒரு வாக்குமூலம் குடுக்க வந்தீக்கேன். தமிழ் எழுதத் தெரிஞ்ச ஆளக் கூப்பிடுங்க."

அவருக்கு விளங்கவில்லை. நான் சிங்களத்தில் சொன்னேன். "அவர் வர மத்தியானமாகும்" என்றார். "உங்களுக்குத்தான் நன்றாகச் சிங்களம் தெரியுமே? என்னிடமே சொல்லுங்கள், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்."

ஸரீனாக்கா சுவரோரம் கிடந்த வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தோம். கான்ஸ்டபிள் இரண்டு தடவை வந்து சிங்களத்தில் கேட்டார், அக்கா இரண்டு தடவையும் தமிழில்தான் காத்திருக்கிறேன் என்றார். பிறகு தமிழ் தெரிந்த சார்ஜன்ட் வந்தார். எதற்கு என்று கேட்டு, அலுத்துக்கொண்டு, புத்தகத்தைத் திறந்து எழுதத் தொடங்கினார். வாழை மரம், வாளி, வாய்க்கால், பழைய திகதி, பழைய கையெழுத்து எல்லாவற்றையும் அக்கா ஒன்றுவிடாமல் சொன்னார். சார்ஜன்ட் எழுதி முடித்துப் புத்தகத்தைத் திருப்பி வைத்தார்.

ஸரீனாக்கா முதல் வரியிலிருந்து வாசித்தார். சத்தமாக, நிலையத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி. நாலாம் வரியில் நிறுத்தினார். பன்னிரண்டு வருஷம் என்பதைச் சார்ஜன்ட் பத்து என்று எழுதியிருந்தார்.

"ரெண்டு வருஷம்தானேம்மா, பரவாயில்ல" என்றார் சார்ஜன்ட்.

"வெட்டுங்க" என்றார் ஸரீனாக்கா. "வெட்டிச் சரியா எழுதி, பக்கத்துல உங்கட கையெழுத்தப் போடுங்க. பிறகு நான் என்ட கையெழுத்தப் போடுறேன்."